குப்பை மடலும் கறுப்புப் பட்டியலும்

தொடர்புச் சாதனங்கள் எவருடைய நலனுக்காக இயங்குகின்றன என்பது அச்சியந்திரக் காலந்தொட்டு எழுந்துவரும் வினாவாகும். மின்னஞ்சலும் இதற்கு விலக்கன்று. விளம்பரக் குப்பை மடல்களுக்கும் அவற்றைத் தடுக்கும் வடிகட்டிகளுக்குமிடையே நடைபெற்றுவரும் போராட்டத்தை வெறும் தொழில்நுட்பச் செய்தியாக நோக்குவோர், அதன் அடியில் இயங்கும் பொருளாதார உறவைக் காணத் தவறிவிடுகின்றனர்.

1978 ஆம் ஆண்டு மே 3 ஆந் திகதி, அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் நிதியில் இயங்கிய ஆர்ப்பாநெற் வலையமைப்பில், கணினி விற்கும் நிறுவனமொன்றைச் சேர்ந்த கேரி தேர்க் என்பார் ஏறக்குறைய 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். கண்டனம் எழுந்தது, எனினும் வழி திறந்துவிட்டது. சாதாரண அஞ்சலில் முத்திரைச் செலவு அனுப்புவோனுடையது. மின்னஞ்சலிலோ செலவின் பெரும்பகுதி பெறுவோன் மீதும் அவனுக்குச் சேவை வழங்கும் நிலையத்தின் மீதும் விழுகின்றது. இலாபம் ஒருவனுக்கு, சுமை பலருக்கு என்னும் இம்முரண்பாடே குப்பை மடலின் ஊற்றுக்கண் எனலாம்.

1997 இல் போல் விக்சி முதலியோர் தொடங்கிய கறுப்புப் பட்டியல், இத்தகைய மடல்கள் புறப்படும் கணினிகளின் எண்முகவரிகளைத் தொகுத்தது. ஆனால், 2003 இல் பரவிய சோபிக் போன்ற நச்சு நிரல்கள் சாதாரண மக்களின் வீட்டுக் கணினிகளைக் கைப்பற்றி, அவற்றின் வழியே மடல்கள் அனுப்பப்பட வகைசெய்தன. தண்டனை கணினியைப் பறிகொடுத்தவனைச் சேர்ந்தது; குற்றவாளி அடுத்த கணினிக்கு மாறினான். சொற்களைக் கொண்டு தரம்பிரித்த வடிகட்டிகளையும், சொற்களைச் சிதைத்து எழுதி ஏய்க்க முயன்றனர்.

இந்நிலையிலேதான் 2004 இல் நோக்கு மாறியது. அனுப்புவோன் முகத்தை மறைக்கலாம், சொல்லை மாற்றலாம். ஆனால் பண்டம் விற்கவேண்டுமாயின் கடை இருக்குமிடத்தைக் கூறியே ஆகவேண்டும். அவ்வாண்டில் ஜெப் சான் தொடங்கிய எஸ்.யு.ஆர்.பி.எல். என்னும் பட்டியல், மடலினுள்ளே குறிப்பிடப்படும் இணையத்தளப் பெயர்களைத் தொகுத்தது. வடிகட்டியானது அப்பெயரைப் பிரித்தெடுத்து, தளப்பெயர்களுக்கு எண்முகவரி கூறும் இணைய ஏற்பாட்டின் வழியாகவே பட்டியலை வினவும். பெயர் பட்டியலில் இருப்பின் 127.0.0 எனத் தொடங்கும் எண் விடையாக வரும். இல்லையேல் அப்படியொரு பெயர் இல்லை என்ற விடை கிடைக்கும். இதனைப் பிற சான்றுகளோடு கூட்டி மடலுக்குப் புள்ளியிடுவர். அதே ஆண்டு செப்ரெம்பரில் வெளிவந்த ஸ்பாம் அசாசின் 3.0 என்னும் இலவச வடிகட்டி இம்முறையைத் தன்னுள் ஏற்றுக்கொண்டது.

விற்போரும் வாளாவிருக்கவில்லை. புதுப்புதுப் பெயர்களைப் பதிந்தனர். நற்பெயருள்ள பொதுத்தளங்களின் பின்னே ஒளிந்தனர். அப்பொதுத்தளமொன்று பட்டியலில் ஏறின் குற்றமற்ற பலரின் மடல்களும் தடைப்படும். பட்டியலிடும் அதிகாரம் எவர் கையில் உள்ளது? தவறாகச் சேர்க்கப்பட்டவன் எங்கே முறையிடுவது? 1997 இல் இலவசமாகத் தொடங்கிய பட்டியல் 2001 இல் கட்டணப் பண்டமாகியதையும் நாம் மறத்தற்கில்லை.

2011 இல் கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர் உள்ளிட்ட குழுவொன்று, கடையின் முகவரியோடு நின்றுவிடாது, பணம் செல்லும் வழியையும் ஆராய்ந்தது. குப்பை மடல்கள் விளம்பரப்படுத்திய மருந்து, போலிப் பண்டம், மென்பொருள் ஆகியவற்றுள் 95 சதவீதத்துக்கான பணம் விரல்விட்டு எண்ணத்தக்க சில வங்கிகளினூடாகவே சென்றமை புலனாகியது.

அனுப்பும் கணினியிலிருந்து கடைக்கும், கடையிலிருந்து வங்கிக்கும் ஆய்வு நகர்ந்த இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? வடிகட்டி மக்களின் சுமையைக் குறைக்கும்; அதனைத் தொகுப்போர் மக்களுக்குப் பொறுப்புக் கூறவும் வேண்டும். ஆயினும், இலாபத்தின் வாயில் அடைக்கப்படாதவரை குப்பை மடல் ஓயாது.