கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே ஓர் எலும்பு



அழும்போது மூக்கும் ஏன் ஒழுகுகிறது? கண்ணோரத்தில் உள்ள கண்ணீர்ப் பையிலிருந்து ஒரு குழாய் இறங்கி மூக்கினுள் திறக்கிறது. எங்கள் நாமகிரிப்பேட்டைப் பக்கம் மஞ்சள் காட்டு வாய்க்கால் அடைத்துக்கொண்டால் தண்ணீர் வரப்பு மீறி வழியும். இந்தக் குழாய் அடைத்தாலும் அதே கதைதான். கண் ஓயாமல் வடியும். பையில் சீழ் கட்டும். பெண்களுக்கு எலும்புப் பாதை சற்றுக் குறுகல் என்பதால் அவர்களையே இது அதிகம் பாதிக்கிறது.

புரை எடுக்க முகாமுக்குப் போகும் பாட்டிகளுக்கு முதலில் கண்ணீர்ப் பாதையில் தண்ணீர் விட்டுப் பார்ப்பார்கள். "பை அடைச்சிருக்குங்க, மொதல்ல அதைச் சரி பண்ணணும்" என்று திருப்பி அனுப்புவதும் உண்டு. பையில் உள்ள கிருமி கண்ணுக்குள் புகுந்தால் பார்வையே போய்விடும் அல்லவா!

1713-ல் பிரெஞ்சு மருத்துவர் அனெல் மெல்லிய கம்பியாலும் சிரிஞ்சாலும் பாதையைத் திறக்க முயன்றார். 1904-ல் இத்தாலியின் டோட்டி, வெளியே தோலைக் கீறி, எலும்பில் துளையிட்டுப் பையை மூக்குடன் இணைத்தார். நல்ல பலன் கிடைத்தது. முகத்தில் தழும்பும் நின்றது. வயதானவர்களுக்குப் பையையே எடுத்துவிடும் வழக்கமும் இருந்தது. சீழ் நிற்கும், ஆனால் ஆயுசுக்கும் கண்ணில் நீர் வடியும்.

மூக்கு வழியாகவே போகலாம் என்று 1893-லேயே கால்டுவெல் முயன்றார். 1910-ல் வெஸ்ட்டும் முயன்றார். இருட்டுக் குகைக்குள் கண்ணுக்கு எதுவும் சரியாகத் தெரியாததால் அந்த வழி பரவவில்லை. இங்கிலாந்தின் ஹாப்கின்ஸ் 1959-ல் கண்டுபிடித்த குச்சி லென்ஸ்தான் அந்தக் குறையைத் தீர்த்தது. 1989-ல் மெக்டோனோ, மெய்ரிங் இருவரும் எண்டோஸ்கோப் வழியே செய்த அறுவையை வெளியிட்டார்கள்.

அப்புறமும் ஒரு சிக்கல் இருந்தது. மிடில் டர்பினேட் ஒட்டியிருக்கும் இடத்துக்குச் சற்றே மேலே பை முடிந்துவிடும் என்று நம்பி, கீழேயே சிறு துளை போட்டார்கள். 2000-ல் வோர்மால்டும் உடன் பணியாற்றியவர்களும் சாயம் செலுத்தி சி.டி. ஸ்கேனில் அளந்தார்கள். பை அந்த இடத்துக்கு மேலே சராசரியாக 8 மில்லிமீட்டருக்கும் அதிகமாக எழும்பி நிற்பது தெரிந்தது! பின்புறம் காகிதம் போன்ற லாக்ரிமல் எலும்பு. முன்புறம் மேக்சில்லாவின் தடித்த எலும்பு. அந்தத் தடித்த பகுதியை மேல் வரை எடுத்தால்தான் பை முழுதாகத் திறக்கும்.

நான் படித்த காலத்தில் கண் பிரிவு ஒரு மாடி, காது மூக்கு தொண்டைப் பிரிவு இன்னொரு மாடி. நடுவே நிற்பதோ சில மில்லிமீட்டர் எலும்புதான். மாணவர்களே, "கண்ணுல தண்ணி வடியுதுங்க" என்று யாராவது வந்தால், மூக்கினுள்ளும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.