கடலில் பிறந்த கடமை

பழவேற்காடு ஏரிக்கரைத் தோணிரேவில் துடுப்புப் படகுக்கு எஞ்சின் பொருத்தினால் வேகத்தோடு ஆபத்தும் மாறுகிறது. காருக்குச் சிஎன்ஜி கிட் பொருத்துவதும் அப்படித்தான். அதைக் காப்பீட்டு நிறுவனத்திடம் சொல்ல வேண்டும் என்ற நெறி சாலையில் தோன்றியதல்ல. கடல் வணிகத்தோடு வளர்ந்தது. அதற்கு உருக்கொடுத்த 1766-ஆம் ஆண்டு லண்டன் தீர்ப்பு, சுமத்திராவின் பென்கூலன் கோட்டையைப் பற்றியது. எதிரி பிடித்தால் இழப்பீடு என்று அதன் ஆளுநர் காப்பீடு எடுத்திருந்தார். 1760-இல் பிரெஞ்சுக்காரர் கோட்டையைப் பிடித்தனர்; ஆளுநர் ஆபத்தை மறைத்தாரா என்பதே வழக்கு. தனக்கு மட்டுமே தெரிந்த ஆபத்தை ஒருவர் மறைக்கக் கூடாது என்றார் நீதிபதி மான்ஸ்ஃபீல்டு. இந்தியாவின் 1963 கடல்சார் காப்பீட்டுச் சட்டத்தின் 19, 20-ஆம் பிரிவுகள் இந்த நெறியின் வாரிசுகள்.

அந்த வழக்கில் ஆளுநர்தானே வென்றார் என்று கேட்கலாம். உண்மைதான், காப்பீட்டாளர் தாமே அறிந்திருக்கக்கூடியதைச் சொல்லத் தேவையில்லை என்பது காரணம். அப்படியானால் ஆர்.சி.யில் மாற்றத்தைப் பதிந்தால் போதாதா? போதாது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கேட்கும் அந்தப் பதிவு அரசுக்கானது. பாலிசி வேறொருவரோடு செய்த ஒப்பந்தம். பிரீமியம் கூடும் என்ற அச்சம் நியாயமானது, ஆனால் விபத்துக்குப் பின் இழப்பீடு மறுக்கப்படுவது அதைவிடப் பெரிய இழப்பு. மாற்றத்தை எழுத்தில் தெரிவித்து, பாலிசியில் எண்டார்ஸ்மென்ட் (மாற்றக் குறிப்பு) வாங்கிக்கொள்ளுங்கள்.