கம்பனி செத்து, கோச்சி பிறந்த கதை

இலங்கையில் கோச்சி ஓடுவதற்கு 19 வருடங்களுக்கு முன்பே கோச்சிக் கம்பனி வந்துவிட்டது. 1845இல் லண்டனில் தொடங்கிய இலங்கை ரயில்வே கம்பனியின் நோக்கம் ஒன்றுதான்: கண்டி மலையில் விளையும் கோப்பியைக் கொழும்புத் துறைமுகத்தில் கொண்டுவந்து சேர்ப்பது.

அதுவரை கோப்பி மூட்டைகள் மாட்டுவண்டியில்தான் இறங்கின. மழை பெய்தால் வண்டி சேற்றில் புதையும். மாட்டுக்கு நோய் வந்தால் வண்டிக்கூலி ஏறும். துரைமார் பொறுமை இழந்ததில் வியப்பில்லை. ஆனால் 1847இல் கோப்பி விலை சரிய, கம்பனி வேலையும் பல வருடம் படுத்துவிட்டது.

1858 ஓகஸ்ட் 3ஆம் திகதி ஆளுநர் ஹென்றி வார்ட் கொழும்பில் முதல் மண்ணை வெட்டினார். வினை கணக்கில் வந்தது. பாதையை முன்னரே ஆராய்ந்த கப்டன் மூர்சம் சொன்ன செலவு 8,56,557 பவுண். ஒற்றைப் பவுண் வரை துல்லியம்! பிறகு கம்பனியின் எஞ்சினியர் டொய்ன் அளந்து பார்த்து, இருபது இலட்சத்துக்கும் மேலே போகும் என்றார். இருவரும் பார்த்தது அதே மலையைத்தான்.

பங்காளர்களுக்கு வட்டி தவறாமல் கிடைக்க அரசாங்கம் பொறுப்பேற்க வேண்டும் என்பது ஏற்பாடு. இலாபம் அவர்களுக்கு, நட்டம் நமக்கு என்றால் கம்பனி எதற்கு? 1861இல் கம்பனியுடனான ஒப்பந்தம் முறிந்தது. வேலையை அரசாங்கமே எடுத்துக்கொண்டது. பிறகு கொந்தராத்து வில்லியம் ஃபாவியலுக்குப் போனது. பம்பாய்–தானே பாதையைப் போட்ட கூட்டாளிகளில் ஒருவர் அவர். 1864 டிசம்பர் 27இல் முதல் கோச்சி அம்பேபுஸ்ஸ வரை, 54 கிலோமீற்றர், ஓடியது. 1867இல் கண்டியைத் தொட்டது.

இரண்டே வருடத்தில், 1869இல், கோப்பி இலையில் துரு நோய் கண்டது. கோப்பி அழிந்தது, அதே கோச்சியில் தேயிலை ஏறியது. இலங்கைப் புகையிரதம் இன்றும் அரச திணைக்களமாக இருப்பதற்கு வேர், தண்டவாளம் போட்டு முடிக்காமலே மறைந்த அந்தக் கம்பனிதான்.

கிழக்கில் கோப்பியும் இல்லை, அவசரமும் இல்லை. மட்டக்களப்புக்குப் பாதை வந்தது 1928இல், கண்டிக்கு 61 வருடம் கழித்து. பொத்துவில் வரை நீட்டும் பேச்சு அவ்வப்போது கிளம்பும். கல்முனைக்குடிக்காரர் உதயதேவிக் கோச்சியில் கொழும்புக்குப் போக, இன்றும் மட்டக்களப்பு பஸ்ஸைத்தான் முதலில் பிடிக்க வேண்டும்.