ஹார்ன்ஸ்டேல் மின்கல நிலையம்: வரலாறும் வருவாயும்

2016 செப்டம்பர் 28 அன்று தென் ஆஸ்திரேலிய மாநிலம் முழுவதும் இருளில் மூழ்கியது. புயலில் உயர் அழுத்த மின்கோபுரங்கள் சாய்ந்தன. பல காற்றாலைகள் உற்பத்தியைத் திடீரெனக் குறைத்தன. அண்டை மாநிலமான விக்டோரியாவுடனான இணைப்புத் தடம் சுமை தாங்காமல் துண்டிக்கப்பட்டது. பழி யார்மீது என்ற அரசியல் சச்சரவு ஓயாதிருந்தபோது, 2017 மார்ச்சில் டெஸ்லாவின் தலைவர் எலான் மஸ்க், ஒப்பந்தம் கையெழுத்தான 100 நாட்களில் மின்கல நிலையம் அமைத்துத் தருவதாகவும், தவறினால் பணம் வேண்டாம் என்றும் ட்விட்டரில் அறிவித்தார்.

பந்தயம் போலத் தொடங்கிய அத்திட்டம் அதே ஆண்டு டிசம்பர் 1 அன்று, ஜேம்ஸ்டவுன் அருகே ஹார்ன்ஸ்டேல் காற்றாலைகளை ஒட்டிச் செயல்பாட்டுக்கு வந்தது. திறன் 100 மெகாவாட், சேமிப்பு 129 மெகாவாட்-மணி. லித்தியம் அயனி மின்கல நிலையங்களில் அன்று உலகிலேயே பெரியது. பிரான்சின் நியோவென் நிறுவனத்துக்குச் சொந்தமான இதற்குச் செலவு சுமார் 9 கோடி ஆஸ்திரேலிய டாலர்.

முழுத் திறனில் இயங்கினால் ஒன்றேகால் மணி நேரத்தில் தீர்ந்துவிடும் மின்சாரத்துக்கு இவ்வளவு செலவா என்ற கேள்வி இயல்பானதே. மலிவாக வாங்கிச் சேமித்து, விலை ஏறும்போது விற்பது இதன் தொழிலில் ஒரு பகுதிதான். தொடக்க ஆண்டுகளில் பெரும் வருவாய் தந்தது அலைவெண் கட்டுப்பாட்டுச் சேவை. மின்கட்டமைப்பின் அலைவெண் 50 ஹெர்ட்சை ஒட்டியே இருக்க வேண்டும். ஒரு நிலையம் திடீரென நின்றால் அது சரியும். உடனே தாங்கிப்பிடிக்க ஆயத்தமாக நிற்பவருக்கு, மின்சாரம் விற்காவிட்டாலும் சந்தை பணம் தருகிறது.

2017 டிசம்பர் 14 அன்று விக்டோரியாவின் லாய் யாங் நிலக்கரி நிலையத்தில் ஓர் அலகு நின்று 560 மெகாவாட் இழப்பு ஏற்பட்டது. ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் தொலைவிலிருந்து ஹார்ன்ஸ்டேல் நொடிகளுக்குள் செலுத்தியது 7.3 மெகாவாட். அளவு சொற்பம்தான், கவனம் ஈர்த்தது வேகம்.

அதுவரை, விக்டோரியாவுடனான இணைப்பு அறுபடும் அபாயமுள்ள வேளைகளில் 35 மெகாவாட் அளவுக்கு இச்சேவையை மாநிலத்துக்குள்ளேயே வாங்க வேண்டியிருந்தது. விற்றவை சில எரிவாயு நிலையங்களே; விலை பன்மடங்கு ஏறும். மின்கலம் போட்டிக்கு வந்ததும் அது சரிந்தது. முதல் ஆண்டில் மிச்சம் சுமார் 4 கோடி டாலர் என ஆரெகான் நிறுவனத்தின் ஆய்வு மதிப்பிட்டது. ஆனால் இந்த மிச்சம் நிலையத்தின் கல்லாவில் விழவில்லை. தான் பிழைக்கும் சந்தையின் விலையைத் தானே இறக்கிய கதை இது.

2020இல் நிலையம் 150 மெகாவாட்டாக விரிவாக்கப்பட்டது. 2019 ஜூலை முதல் நவம்பர் வரை, ஆயத்தநிலைக்குப் பணம் பெற்றும் சொன்ன அளவு சேவை தர இயலாத நிலையில் இருந்ததற்காக 2022இல் கூட்டாட்சி நீதிமன்றம் 9 லட்சம் டாலர் அபராதம் விதித்தது.