டிசம்பர் 31-க்குள்ள செலவழிக்க வேண்டிய காசு: அமெரிக்க எஃப்.எஸ்.ஏ. கணக்கு பிறந்த கதை

1/
போன வாரம் ராத்திரி 11 மணிக்கு ஒரு போன். அமெரிக்காவுல ஐ.டி. வேலையில இருக்குற பள்ளித் தோழன்.
"மச்சான், எஃப்.எஸ்.ஏ. கணக்குல 340 டாலர் மிச்சம் கிடக்கு. டிசம்பர் 31-க்குள்ள மருத்துவச் செலவு பண்ணணும், இல்லன்னா போயிடும். அம்மாவுக்கு ஒரு பிபி மிஷின் வாங்கி ஊருக்கு அனுப்பலாமா?"

மருத்துவச் செலவைக் குறைக்க வழி கேட்டுத்தான் எனக்குப் போன் வரும். கூட்ட வழி கேட்டு வந்தது இதுதான் முதல் தடவை. அப்படி என்னதான் கணக்கு அதுன்னு தேடிப் படிச்சேன். 80 வருஷத்துக் கதை. நம்மில் பல பேர் வீட்டுல ஒருத்தராவது அங்க வேலையில இருக்காங்க என்பதால எழுதுறேன். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

2/
முதல்ல, எஃப்.எஸ்.ஏ. என்றால் என்ன?

ஃப்ளெக்ஸிபிள் ஸ்பெண்டிங் அக்கவுண்ட். அடுத்த வருஷம் இன்சூரன்ஸ் கொடுக்காத மருத்துவச் செலவு நமக்கு எவ்வளவு வரும்னு ஊழியர் முன்கூட்டியே ஒரு தொகை சொல்லணும். பல், கண்ணாடி, மருந்து, டாக்டர் பீஸ்ல நம்ம பங்கு, இந்த மாதிரி. அந்தத் தொகையை கம்பெனி சம்பளத்துல கொஞ்சம் கொஞ்சமா பிடிக்கும். வரி போடுறதுக்கு முன்னாடியே பிடிப்பாங்க என்பதுதான் இதுல லாபம்.

3/
கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருத்தர் 2,400 டாலர் சொல்றார். மாசம் ரெண்டு சம்பளம்னா ஒவ்வொரு தடவையும் 100 டாலர் பிடித்தம். அவர் 22 சதவீத வருமான வரி வரம்புல இருந்தா 528 டாலர் வரி மிச்சம். சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் வரி 7.65 சதவீதம், அதுல சுமார் 184. மொத்தம் 712 டாலர். அந்த 7.65 சதவீதத்தை முதலாளியும் தன் பங்குக்குக் கட்டணும், அதனால அவருக்கும் அதே 184 மிச்சம். கம்பெனிகள் இதை ஆர்வமா நடத்த இதுவும் ஒரு காரணம்.

4/
சரி, மருத்துவச் செலவுக்கும் முதலாளிக்கும் அங்க எப்படி முடிச்சு விழுந்தது?

இரண்டாம் உலகப் போர். ஆளுங்க ராணுவத்துக்குப் போயிட்டாங்க, தொழிற்சாலைகள்ல ஆள் பஞ்சம். விலைவாசி ஏறாம இருக்க 1942 அக்டோபர்ல அமெரிக்க அரசு சம்பள உயர்வுக்குக் கட்டுப்பாடு போட்டது. ஆனா அந்தச் சட்டத்துலேயே ஒரு சின்ன ஜன்னல் திறந்து இருந்தது. நியாயமான அளவுல இன்சூரன்ஸ், பென்ஷன் கொடுத்தா அது சம்பளம் ஆகாது.

5/
சம்பளம் கூட்ட முடியாத முதலாளிகள், மருத்துவ இன்சூரன்ஸைக் காட்டி ஆள் பிடிச்சாங்க. போர் முடிஞ்சது, பழக்கம் முடியல. முதலாளி கட்டுற இன்சூரன்ஸ் பணம் ஊழியருக்கு வருமானம் ஆகாதுன்னு 1954 வரிச்சட்டம் உறுதியா எழுதி வச்சிடுச்சு. போர்க்காலத்து அவசர ஏற்பாடு ஒரு நாட்டோட மருத்துவ அமைப்பா மாறின கதை இது.

6/
அடுத்த சிக்கல் 1970-கள்ல. எல்லா ஊழியருக்கும் ஒரே சலுகை எதுக்கு? கல்யாணம் ஆகாதவருக்குக் குடும்ப இன்சூரன்ஸ் எதுக்கு? ஓட்டல்ல வேண்டியதைத் தட்டுல எடுத்து வைக்குற மாதிரி ஊழியரே தேர்ந்தெடுக்கட்டும்னு சில கம்பெனிகள் ஆரம்பிச்சாங்க. பேரே 'கஃபடேரியா பிளான்'.

ஆனா வரிச்சட்டத்துல ஒரு பழைய கொள்கை உண்டு. பணத்தைக் கையில வாங்குற வாய்ப்பு உனக்கு இருந்து, நீயா வேண்டாம்னு விட்டாலும், வாங்கினதாகவே கணக்கு, வரி கட்டு. ரொக்கமா இன்சூரன்ஸான்னு கேட்ட உடனேயே வரி வந்துடும். 1974-ல வந்த எரிசா சட்டம் புதுத் திட்டங்களுக்கு ஒரு தடையே போட்டு வச்சது.

7/
முடிச்சை அவிழ்த்தது 1978 வருவாய்ச் சட்டம். ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் கையெழுத்து. அதுல வந்த பிரிவு 125 சொன்னது: கஃபடேரியா திட்டத்துல ரொக்கத்தை விட்டுட்டு சலுகையை எடுத்தா வரி கிடையாது. எஃப்.எஸ்.ஏ.வுக்கு இதுதான் தாய்.

ஒரு சுவாரஸ்யம். ஓய்வுக்கால சேமிப்பான '401 கே' பிறந்ததும் இதே சட்டத்துலதான். ஒரு பிரிவு, வரி கட்டாம வயசான காலத்துக்குச் சேர்த்து வைன்னு சொல்லுது. இன்னொரு பிரிவு, இந்தத் திட்டத்தை வச்சு வருமானத்தைப் பின்னாடி தள்ளிப்போடக் கூடாதுன்னு சொல்லுது. என் நண்பனோட 340 டாலர் பிரச்சினைக்கு விதை இந்த ரெண்டாவது வரிதான்.

8/
1980-களோட ஆரம்பத்துல கம்பெனிகள் புகுந்து விளையாடினாங்க. முன்கூட்டித் தொகை எதுவும் சொல்ல வேண்டாம். மருத்துவ பில் வந்தா கொடு, அந்த அளவுக்குச் சம்பளத்தை 'வரி இல்லாத சலுகை'ன்னு பேர் மாத்திடுவோம். செலவே பண்ணலியா, மிச்சத்தை ரொக்கமா வாங்கிக்கோ. ஊழியருக்கு எந்த ரிஸ்க்கும் இல்லை, அரசாங்கத்துக்கு மட்டும் நஷ்டம்.

9/
ஐ.ஆர்.எஸ். எனப்படும் அமெரிக்க வருமான வரித்துறை 1984 பிப்ரவரியில, இது செல்லாதுன்னு அறிவிச்சது. மே மாசம் வரைவு விதிகள் வந்தன. சாராம்சம் இதுதான்: இன்சூரன்ஸுக்குக் கிடைக்குற வரிச்சலுகை வேணும்னா இது இன்சூரன்ஸ் மாதிரியே நடக்கணும். பிரீமியம் கட்டி, அந்த வருஷம் நோய் வரலன்னா காசு திரும்பி வருமா? வராது. அதே மாதிரி இங்கயும் வருஷத்துக்குள்ள பயன்படுத்து, இல்லன்னா இழ.

வேடிக்கை என்னன்னா, இந்த விதிகள் 'வரைவு' என்ற பேரோடவே 20 வருஷத்துக்கும் மேல ஓடின.

10/
இழந்த பணம் அரசாங்கத்துக்குப் போகும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. இல்லை, முதலாளி பக்கமே தங்கும். திட்டத்தை நடத்துற செலவுக்கு எடுத்துக்கலாம், எல்லா உறுப்பினருக்கும் பொதுவாப் பிரிச்சும் கொடுக்கலாம். ஆனா யார் இழந்தாரோ அவருக்கே திருப்பிக் கொடுக்கக் கூடாது.

11/
முதலாளிக்கு மட்டும் லாபமான்னு கேட்டா, 1989-ல அடுத்த விதி வந்தது. இன்சூரன்ஸ்னா ரெண்டு பக்கமும் ரிஸ்க் இருக்கணும் இல்லையா? அதனால வருஷத்தோட முதல் நாள்ல இருந்தே முழுத் தொகையும் ஊழியருக்குத் திறந்து இருக்கணும்.

அதாவது ஜனவரியில ஒரே ஒரு 100 டாலர் பிடிச்ச நிலையில, 2,400 டாலருக்குப் பல் வைத்தியம் பார்த்துக்கலாம். பிப்ரவரியில வேலையை விட்டுப் போனாலும் மீதி 2,300-ஐ முதலாளி திருப்பிக் கேட்க முடியாது. அதே சமயம், பணம் பிடிச்சும் செலவு பண்ணாம வேலையை விட்டா, பொதுவா அது போச்சு. லே-ஆஃப் காலத்துல இது நினைவு இருக்கணும்.

12/
இங்க ஒரு டாக்டரா எனக்கு உறுத்துற விஷயம். இன்சூரன்ஸ்ல ஆயிரம் பேர் சேர்ந்து கட்டுறாங்க. யாருக்கு நோய் வரும்னு தெரியாது, ஆயிரத்துல இத்தனை பேருக்கு வரும்னு கணக்குப் போடலாம். எஃப்.எஸ்.ஏ.வில் அந்தக் கணக்கை ஒத்தை ஆள் தலையில வச்சிட்டாங்க. அடுத்த வருஷம் உனக்கு என்ன நோய் வரும்னு நவம்பர்லயே நீயே சொல்லு! 20 வருஷ அனுபவம் உள்ள எங்க சீஃப்கூட அதைச் சொல்ல மாட்டார். குடல்வால் வீக்கம் காலண்டர் பார்த்து வராது.

பயந்தவங்க குறைச்சுப் போடுறாங்க. கூட்டிப் போட்டவங்க டிசம்பர்ல கண்ணாடிக் கடைக்கு ஓடுறாங்க.

13/
அழுத்தம் கூடக் கூட, கதவு கொஞ்சம் கொஞ்சமாத் திறந்தது.
2005: அடுத்த வருஷம் இரண்டரை மாசம் வரை சலுகைக் காலம் கொடுக்கலாம்.
2013: சலுகைக் காலத்துக்குப் பதிலா 500 டாலர் வரை அடுத்த வருஷத்துக்குக் கொண்டு போகலாம். 2025-ல் இருந்து 2026-க்கு 660 வரை.

ரெண்டுலயும் 'லாம்'தான். சட்டம் அனுமதிக்குது, கட்டாயப்படுத்தல. ரெண்டுல ஒண்ணைக் கொடுப்பதும், எதுவுமே கொடுக்காம இருப்பதும் முதலாளி இஷ்டம்.

14/
நடுவுல பின்னாடி போன கதையும் உண்டு. 2003-ல, கடையில நேரா வாங்குற தலைவலி, சளி மாத்திரைக்கும் இந்தப் பணம் செல்லும்னாங்க. 2010-ல ஒபாமாகேர் சட்டம் வந்தப்போ, அதுக்கு நிதி திரட்ட இந்தச் சலுகையைச் சுருக்கினாங்க. 2011-ல் இருந்து அந்த மாத்திரைக்கெல்லாம் டாக்டர் சீட்டு வேணும். 2013-ல் இருந்து வருஷத்துக்கு 2,500 டாலர்தான் உச்சவரம்பு. அதுக்கு முன்னாடி உச்சவரம்பை முதலாளிதான் வச்சார்.

காய்ச்சல் மாத்திரைக்கு வரி மிச்சம் பிடிக்க ஒரு டாக்டர் விசிட்! இது 2020 கொரோனா நிவாரணச் சட்டம் வரை நீடிச்சது. மாதவிடாய் நாப்கினுக்கு இந்தப் பணம் செல்லும்னு ஆனதும் அந்த 2020 சட்டத்துலதான். அதுவரை அது மருத்துவச் செலவுக் கணக்குலயே வரல.

15/
அதே கொரோனா வருஷத்துல இந்த விதியோட அபத்தம் எல்லாருக்கும் தெரிஞ்சது. பல் கிளினிக் மூடிக் கிடக்கு, அவசரமில்லாத ஆபரேஷன் எல்லாம் தள்ளிப் போச்சு. காசு கணக்குல மாட்டிக்கிச்சு. 2020, 2021 மிச்சத்தை முழுசா அடுத்த வருஷத்துக்குக் கொண்டு போகலாம்னு நாடாளுமன்றம் விலக்கு கொடுத்தது. அதுவும் முதலாளி சம்மதிச்சாத்தான்.

16/
யாருக்கு லாபம் அதிகம்? வரி வரம்பு உயர உயர மிச்சமும் உயரும். 12 சதவீத வரம்புல இருக்குறவருக்கு அதே 2,400-க்கு 472 டாலர்தான். சுயதொழில் செய்றவருக்கு இந்தக் கணக்கே கிடையாது. சம்பளத்துல 100 டாலர் குறைஞ்சா வாடகை இடிக்கும்னு இருக்குறவர் இந்தப் பந்தயத்துக்கே வர மாட்டார். நோய் அவருக்கும்தான் வருது.

17/
அங்க இருக்குறவங்களுக்கு நாலு விஷயம்:

அ) தெரிஞ்ச செலவை மட்டும் போடுங்க. சுகர், பிபி மாத்திரை, கண்ணாடி, திட்டமிட்ட பல் வைத்தியம். 2026-க்கு உச்சவரம்பு 3,400 என்பதற்காக அவ்வளவும் போட வேண்டாம்.
ஆ) கம்பெனியில சலுகைக் காலமா, கொண்டு போகும் வசதியா, எதுவும் இல்லையான்னு இன்னைக்கே கேளுங்க.
இ) கல்யாணம், குழந்தை, விவாகரத்து மாதிரி மாற்றம் இருந்தாத்தான் நடுவுல தொகையை மாத்த முடியும்.
ஈ) எச்.எஸ்.ஏ. என்பது 2003 சட்டத்துல வந்த வேற கணக்கு. அதுல காசு காலாவதி ஆகாது. ஆனா நீங்களோ துணைவரோ சாதாரண எஃப்.எஸ்.ஏ. வச்சிருந்தா பொதுவா அதுல பணம் போட முடியாது.

18/
நண்பன் கதைக்கு வருவோம். அவன் கம்பெனியில ரெண்டு வசதியும் இல்லையாம். "பதறாதடா. நீ போட்டது 2,400, மிச்சமான வரி 712. 340 போனாலும் 372 டாலர் உனக்கு லாபம்தான்"னேன். கண்ணாடி மாத்தி மூணு வருஷம் ஆச்சாம். போய் மாத்திட்டான்.

அம்மாவுக்கு பிபி மிஷின்? முடியாது. அந்தப் பணம் அவனுக்கு, மனைவிக்கு, பிள்ளைகளுக்கு, வரிச்சட்டப்படி அவனைச் சார்ந்தவங்களுக்கு மட்டும். சார்ந்தவர் அமெரிக்கக் குடிமகனா இருக்கணும், இல்ல அமெரிக்கா, கனடா, மெக்சிகோவுல வசிக்கணும். மாசாமாசம் இவன் அனுப்புற பணத்துல வாழ்ந்தாலும், ஊர்ல இருக்குற அம்மா அந்தக் கணக்குல வர மாட்டாங்க.

கொஞ்ச நேரம் பேசல. "நான் இங்கயே ஒண்ணு வாங்கி, ஞாயித்துக்கிழமை போய் அம்மாவுக்குப் பார்க்கக் கத்துக் கொடுத்துட்டு வரேன்"னேன்.

19/
போனை வைக்குறதுக்கு முன்னாடி கேட்டேன், "அடுத்த வருஷத்துக்கு எவ்வளவுடா போட்ட?"
"யோசிக்க நேரமில்ல மச்சான், அதே 2,400."

உங்க ஆளுங்க அங்க இருந்தா இதை அனுப்பி வைங்க. டிசம்பர் 31-க்கு இன்னும் நாள் இருக்கு.