துப்பாக்கியில் கொம்பு வேலை

பழனிக்குத் தென்மேற்கே மலையடிவாரத்தில் இருக்கும் பாலசமுத்திரம், பழனிப் பாளையக்காரர்கள் குடியிருந்த ஊர். பாளையப் படைகள் பெரிதும் நம்பியது ஈட்டியை. அதற்கடுத்தது திரி கொளுத்திச் சுடும் துப்பாக்கி. குழாயின் வாய்வழியே மருந்தையும் ஈயக் குண்டையும் போட்டுக் கோலால் இடித்து இறுக்குவார்கள். பின்பக்கத்துச் சிறு கிண்ணத்தில் பொடிமருந்து தூவித் திரியை வைப்பார்கள். மழை வந்தால் மருந்து நமத்துப்போகும், திரி அணையும்.

இந்த ஆயுதத்தோடு கொம்பு சேர்ந்ததற்கு முதற்காரணம் அழகு அல்ல. இரும்பில் உரசினால் பொறி பறக்கலாம், கொம்பில் பறக்காது. ஈரம் எளிதில் உள்ளே இறங்காது, துருவும் பிடிக்காது. எருமைக்கொம்பின் அடிப்பகுதி இயல்பாகவே உள்ளீடற்றது. அகன்ற பக்கத்தை மரக்கட்டையால் அடைத்து, நுனியைத் துளைத்து அடைப்பான் செருகிவிட்டால், தோளில் மாட்டிக்கொள்ளும் மருந்துக் கொம்பு தயார். கெட்டியான நுனித் துண்டுகள் இடிகோலின் தலைக்கும் துப்பாக்கிக் கட்டையின் முனைக்கும் உதவின.

எருமைக்கொம்பு நகத்தைப் போன்ற பொருள். சூடேற்றினால் இளகும், அமுக்கித் தகடாக்கலாம், ஆறியதும் அந்த வடிவத்திலேயே நிற்கும். மான்கொம்பு அப்படியல்ல. அது எலும்பு; அறுக்கலாம், செதுக்கலாம், தட்டையாக்க முடியாது. எனவே மரத்தில் பதிக்கும் மெல்லிய கருந்தகட்டுக்கு எருமையே ஏற்றது.

இந்த அலங்காரத்தின் உச்சத்தைப் பார்க்கக் கடல் தாண்டி இலங்கையின் கண்டிக்குத்தான் போக வேண்டும். கண்டித் துப்பாக்கியின் அடிக்கட்டை இரண்டாகப் பிளந்து சுருண்டிருக்கும். விசை இடப்பக்கம் அமைந்திருக்கும். கட்டையில் தந்தமும் கொம்பும், குழாயில் வெள்ளியும் பதித்தார்கள். கண்டிக் கைவினைகளை ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளிவந்த தம் நூலில் விரிவாகப் பதிவு செய்தார். ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகத்தில் இருந்த கண்டிப் பொருள்கள் ஆறினை நெதர்லாந்து 2023இல் இலங்கைக்குத் திருப்பித் தந்தது. அவற்றில் துப்பாக்கிகள் இரண்டு.

பழனிப் பக்கத்தில் இத்தகைய வேலைக்குக் காலம் இடங்கொடுக்கவில்லை. 1790இல் திண்டுக்கல் கோட்டை ஆங்கிலேயர் வசமானது. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் சீமையும் அவர்களிடம் போனது. எதிர்த்து நின்ற விருப்பாட்சி கோபால நாயக்கர் 1801இல் தூக்கிலிடப்பட்டார். அதே ஆண்டு டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ், தென்பாளையங்களில் அனுமதியின்றி ஆயுதம் வைத்திருப்பதைத் தடை செய்தார். ஆயுத வேலை கொடுத்துவந்த பாளையக்காரரே படையிழந்தபின் கைவினைஞருக்கு யார் கூலி கொடுப்பார்கள்? 1878 ஆயுதச் சட்டம் உரிம முறையை நாடெங்கும் இறுக்கியது. குடகு மட்டும் விலக்கு: 1861இல் மைசூர் ஆணையர் மார்க் கப்பன் அளித்த சலுகையால் அங்குள்ள கொடவர்கள் துப்பாக்கியைத் தக்கவைத்து, கைல்போது திருநாளில் இன்றும் அதைப் பூசிக்கிறார்கள்.

மற்றவர்களுக்கு வாய்வழி மருந்திடும் துப்பாக்கிக்கு இப்போதும் உரிமம் வேண்டும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் காட்டுமாட்டின் கொம்பு வைத்திருப்பது குற்றம். கடமான் கொம்பும் அப்படியே, தானாக உதிர்ந்ததாக இருந்தாலும்கூட. கொம்பு வேலைக்குத் தடையின்றிக் கிடைப்பது வீட்டு எருமையின் கொம்புதான்.