தில்லியின் இருவகைப் பசுமை

வைகாசித் திங்களில் 'லூ' என்னும் அனற்காற்று வீசும்போது, அலுவலகம் விட்டு ஜன்பத் சாலையில் நடந்து வருவோர்க்கு நீர்மருத மரங்களே தஞ்சம். நிழலில் வெம்மை தணிகிறது. சாலைத் தூசியில் ஒரு பகுதியையேனும் இலைகள் தம்மேல் ஏற்றுக்கொள்கின்றன. அம்மரங்கள் தாமாக முளைத்தவை அல்ல.

1911 டிசம்பர் 12 அன்று நடந்த தர்பாரில், தலைநகர் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாறும் என ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அறிவித்தார். 1931இல் புதுதில்லி திறந்துவைக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் லட்யன்ஸ், பேக்கர் ஆகியோர் எழுப்பிய மாளிகைகளைப் போற்றுவோர் பலர். மரம் நட்ட மஸ்டோவை நினைப்பவர் சிலரே. கியூ தோட்டத்தில் பயின்ற அவர் காலத்தில் வேம்பும் நாவலும் மருதும் புளியும் சாலைகளில் அணிவகுத்தன. (புளி ஆப்பிரிக்காவிலிருந்து பண்டைக் காலத்திலேயே வந்த மரம் என்பர் தாவர நூலார். அதை அயல்மரம் என்றால் நம் வீட்டுப் பெண்டிர் ஒப்புவரோ?) நாவற்பழம் உதிரும் பருவத்தில் நம் பிள்ளைகளின் நாவும் சட்டையும் இன்றும் ஊதா நிறம் கொள்கின்றன.

ஆயின் ரிட்ஜ் எனப்படும் ஆரவல்லி மேட்டின் கதை வேறு. ஆடுமாடு மேய்ந்து வறண்டிருந்த அம்மேடு, கோநகரின் பின்னே எந்நாளும் பசுமையாகத் தோன்றவேண்டும் என்பது அன்றைய ஆட்சியாளரின் விருப்பம். கோடையில் இலையுதிர்க்கும் நாட்டு மரங்கள் அதற்கு உதவா எனக் கருதினர் போலும். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் விலாயதி கீக்கர் அங்கே புகுந்தது. அது வேறொன்றுமன்று, நம் சீமைக் கருவேலமே. ஜமைக்காவிலிருந்து வந்த அதன் விதை 1877ஆம் ஆண்டளவில் ஊன்றப்பெற்ற இடம் அன்றைய சென்னை மாகாணத்துக் கடப்பை. 1940இல் ஜோத்பூர் சமஸ்தானம் அதற்கு 'அரச மரம்' எனச் சிறப்பளித்தது!

ஆடு இதன் இலையைத் தீண்டாது; நெற்றை விரும்பித் தின்று, விதையைச் சாணத்தோடு எங்கும் பரப்பும். வெட்டினால் அடியிலிருந்து மீண்டும் தழைக்கும். உதிரும் இலைகளோ பிற விதைகள் முளைப்பதைத் தடுக்கும். எனவே தௌ, புரசு, நாட்டுக் கருவேலம் முதலியவை அருகின. அவற்றை நம்பி வாழ்ந்த பறவையும் வண்டும் குறைந்தன. தொலைவிலிருந்து நோக்குவோர்க்கு மேடு பசுமைதான்; அப்பசுமை பெரும்பாலும் ஒற்றை மரத்தின் பசுமை.

இம்மரத்தை முற்றும் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. இராமநாதபுரம் சீமையில் இதைக் கரியாக்கி உலையேற்றிய குடும்பங்கள் எத்தனையோ! வறண்ட நிலத்து ஏழைக்கு விறகளித்தது மெய். நீர்ப்பிடிப்பு நிலங்களை அது அடைத்துக்கொண்டதும் மெய். 2017இல் அதனை அகற்றுமாறு உயர்நீதிமன்றத்தின் மதுரை அமர்வு ஆணையிடும் நிலை வந்தது.

தில்லியில் வேறொரு வழி கண்டனர். வசந்த விகாரை அடுத்துச் சுரங்கக் குழிகளாய்க் கிடந்த நிலம், தில்லி வளர்ச்சி ஆணையமும் தில்லிப் பல்கலைக்கழக அறிஞர்களும் மேற்கொண்ட முயற்சியால் ஆரவல்லி பல்லுயிர்ப் பூங்காவாயிற்று. கீக்கரை ஒரேயடியாக வேரறுக்காமல், கிளைகளைக் கழித்து வெளிச்சம் வரச்செய்து, அதன் நிழலிலேயே நாட்டுக் கன்றுகளை வளர்த்தனர். அவ்வாறு மீண்டும் நடப்பெற்றவற்றுள் புரசும் ஒன்று. நம் சென்னையின் புரசைவாக்கத்துக்குப் பெயர் தந்தது அம்மரமே.